காற்றில்லாமலும் ஓடும் டயர்

டில்லி
22.4.2008

அன்புள்ள அக்னஸுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? நம்ம பிள்ளை ரூபி முதல்முறை நற்கருணை வாங்கப்போகிறாளே, புதுநன்மைக்கு ஜெபமெல்லாம் படித்துவிட்டாளா?

போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜெய்ப்பூர் போகும்போது சாரின் புது வண்டியில் டயர் விளக்கு எரிந்தது. இறங்கி, பழக்கதோஷத்தில் காலால் உதைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. இந்த டயர் காற்றே இல்லாவிட்டாலும் சப்பையாகாதாம். ஆனால் அப்படி எண்பது கிலோமீட்டர் தூரம்தான் தாங்குமாம். அது தெரியாமல் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் கிழித்துவிட்டேன். இந்த வண்டிக்கு ஸ்டெப்னியும் கிடையாது. சார் டாக்ஸியில் போய்விட்டார். புது டயர் வர நாலு நாள் ஆனது. அதுவரை ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை, ஒரு தாபா வாசலில் வண்டிக்குக் காவல் இருந்தேன். ரொட்டிக்குக் குறைவில்லை.

திரும்பி வந்து புதுநன்மைக்கு ஊருக்கு வர லீவு கேட்டேன். சாரும் தமிழர்தான். "நாலு நாள் சும்மாத்தானே உக்காந்திருந்தே? அதையே லீவா வெச்சுக்கோ, பெலிக்ஸ்" என்றார்.

கோயிலில் ரூபி பக்கத்தில் உன் தம்பியை நிற்கச் சொல். கரோல் பாகில் வாங்கிய வெள்ளை ஷூவைப் பார்சலில் அனுப்புகிறேன். போன வருஷம் நீ அவள் பாதத்தை அளந்து அனுப்பிய நூலின் அளவுக்கு வாங்கியது. கடித்தால் அன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்.

சார் இறங்கி வருகிறார்.

பெலிக்ஸ்