அடிபட்ட போல்ட்டுகள்

ஜூன் 3

மகளுக்கு மறுபடி காது அடைத்துக்கொண்டது. அவள் ஆய்வுக்கூடத்தில் ஒரு தகட்டைப் பீரங்கிக் குண்டுபோலச் சுட்டு, மூடிய கலத்துக்குள் இன்னொரு தகட்டின்மேல் மோதவிடுகிறார்கள். "அதுல அப்படி என்னதான் பார்க்கிறீங்க?" என்றேன். சாப்பாட்டு மேசை விரிப்பில் ஒரு மடிப்பை உண்டாக்கி, விரலால் தள்ளினாள்.

"முழு விரிப்பையும் இழுக்க வேண்டாம்மா, மடிப்பு நகர்ந்தாப் போதும். உலோகத்துக்குள்ளயும் இப்படிப் பிசகு கோடு கோடா இருக்கும். அது நகர்ந்தாத்தான் உலோகம் வளையும். மெல்ல அழுத்தினா ஒழுங்கா நகரும். படார்னு அடிச்சா புதுசு புதுசா முளைச்சு, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும்."

விரிப்பை நான்தான் சரிசெய்தேன்.

ஜூன் 5

சிக்கினால்?

"கெட்டியாகும். அப்புறம் வளையாது, உடையும்."

பிறகு வாய் தவறிச் சொன்னாள்: கலத்தின் மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் ஒவ்வொரு முறையும் அந்த அடியை வாங்குகின்றன. மாற்றுவதில்லை. ஆய்வுக்கூடத் தலைவர் அவற்றின் கடினத்தன்மையை அளந்து, "முன்னைவிட உறுதியாயிருக்கு" என்று மகிழ்ந்தாராம். சுடும் பொத்தான் மூடிக்குப் பக்கத்திலேயே. அவளும் கருவியை இயக்கும் ஆபரேட்டரும் அங்கே மாறி மாறி நிற்கிறார்கள்.

ஜூன் 6

"புது போல்ட் கேட்டாச்சும்மா. வர நாளாகும், அதுவரை நிறுத்த முடியாதாம்."

பத்தாம் தேதி அவள் முறை.

ஜூன் 9

கணவர் போனபோதுகூட யாரிடமும் கெஞ்சாதவள் நான். தலைவருக்குப் போன் செய்தேன். கான்வென்டில் பழக்கியபடி நிமிர்ந்து உட்கார்ந்துதான் பேசினேன், ஆனாலும் அது கெஞ்சல்தான். நாளை என் மகளை அங்கே நிறுத்தாதீர்கள் என்றேன்.

"அவ்வளவுதானேம்மா, ஆளை மாத்திடறேன்."

ஜூன் 10

காலையிலேயே திரும்பி வந்தாள். "'அம்மாகிட்ட லெட்டர் வாங்கிட்டு வந்தியா'ன்னு எல்லார் முன்னாடியும் தலைவர் கேட்கிறார். மானத்தை வாங்கிட்டே." கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டட்டும். வீட்டில் இருக்கிறாள்.

பகலில் அவளுக்கு ஒரு போன். போட்டதைப் போட்டபடி ஓடினாள்.

ஜூன் 11

போல்ட்டின் தலை தெறித்திருக்கிறது. ஆபரேட்டருக்கு ஒரு கண் போய்விட்டது.

"வளையவே இல்லம்மா," என்றாள். "கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் முன்னாடியே எங்க கண்ணுல பட்டிருக்கும்."

அங்கே வேறு யார் நிற்பார் என்று அன்று போனில் நான் கேட்கவில்லை — போல்ட்டை மாத்துங்கன்னு ஒரு வார்த்தை, ஏன் வரல எனக்கு?

ஜூன் 15

மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேட்டரின் மனைவி எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தாள்.

"உங்க பொண்ணு முறைதானாமே அன்னிக்கு. திடீர்னு லீவு போட்டிருக்காங்க. நல்ல வேளைம்மா. உங்களுக்கும் வயசாச்சு, தாங்குவீங்களா?"

ஆமாம், லீவுதான் என்றேன்.

மகள் என் பக்கத்திலிருந்த இருக்கையை விட்டு, அந்தப் பெண்ணுக்கு அருகில் போய் உட்கார்ந்தாள்.