நான் போடச் சொன்ன ‘வேண்டாம்’

அண்ணனூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் கிஷோருக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முட்டிவலியைத் தவிர யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, புனே குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா. அப்பாவுக்கு இந்த வாரம் ரயில்வே கார் ஷெட்டில் காலை டியூட்டி. தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் பண்ணி, செங்கல்வராயன் மாமா வந்து சரி செய்துவிட்டுப் போனார். மற்றதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் தங்கை ஒரு மாதமாக உன் போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். முகப்பேரில் வண்டியிலிருந்து விழுந்ததிலிருந்து கவிப்பிரியாவுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை, நீதானே இடது கைக்கே முக்கால்வாசி எழுத்து வருகிற மாதிரி கீபோர்டை மாற்றிக் கொடுத்தாய். இரண்டு வருஷமாக அதிலேயே பழகி, பார்க்காமலே சடசடவென்று அடிக்கிறாள். எம்.ஏ. நுழைவுத்தேர்வில் கட்டுரையைக் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டும், இந்த மாதிரி கீபோர்டு வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும் என்றாள். டாக்டர் சீட்டைத் தேர்வு அலுவலகத்துக்கு நீ மெயிலில் அனுப்பினாய். அவளுக்குக் காய்ச்சல் என்று ஆவடி பிரவுசிங் சென்டருக்கு விண்ணப்பம் போடப் போனது நான். கடைக்காரர், “வசதி வேணும்னு போட்டா ஊனமுற்றோர் கணக்குல வரும் போலக்கீதும்மா, இன்னா பண்ணட்டும்?” என்றார். போரூரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நேரம், நாளைக்கு எவனாவது இதை எடுத்துப் பேசினால் என்ன செய்வது என்று, வேண்டாம்னே போட்டுடுங்க என்று சொல்லிவிட்டேன்.

ஹால் டிக்கெட்டில் சாதா கீபோர்டு என்று வந்துவிட்டது. போன் போட்டுக் கேட்டால் கோரிக்கை எதுவும் வரவில்லை, தேதியும் முடிந்துவிட்டது என்கிறார்கள். “அண்ணன் சீட்ட அனுப்பவே இல்லம்மா, கேட்டா அனுப்பிட்டேன்னுதான் சொல்லுவான்” என்று தேம்பித் தேம்பி அழுதாள். நான் பாவி, அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டு வாயே திறக்கவில்லை. அந்தப் போரூர்க்காரர்களும் வரவே இல்லை.

தேர்வு பூந்தமல்லிப் பக்கம், இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. சாதா கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிறாள், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, நடுநடுவே கையைத் தடவிக்கொள்கிறாள். என்னால் பார்க்க முடியவில்லை கண்ணு. தப்பு என்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், யாருக்கு அனுப்ப வேண்டுமோ அனுப்பிப் பார். நேரில் வரச் சொன்னால் வந்து நிற்கிறேன். ஆகுமோ ஆகாதோ தெரியவில்லை.

வண்டியில் போகும்போது ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போகாதே. திருவேற்காட்டு அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். கவரை நான் ஒட்டவில்லை. இதை அவள் கையில் கொடுத்து, படித்துவிட்டு நீயே ஒட்டித் தபாலில் போடு என்று சொல்லப் போகிறேன். அவள் உனக்குப் போன் செய்வாள். என்னைத் திட்டினால் திட்டட்டும், நீ எனக்காகக் குறுக்கே பேசாதே.

உன் அம்மா,
சொர்ணம்.