பால்கனியில் பிரித்த டயப்பர்

மார்ச் 3

தம்பி பிறந்து இருபத்தேழு நாள். எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு மாதம் முடியும்வரை அம்மா அறையைவிட்டு வரக் கூடாது, காற்றும் படக் கூடாது. தடித்த திரை, எப்போதும் எரியும் மஞ்சள் பல்பு, நல்லெண்ணெய்க் கோழி வாசனை. காவலுக்கு அத்தை, அப்பாவின் அக்கா.

பள்ளி விட்டு வந்ததும் டயப்பர் என் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் தம்பிக்குக் கொடுத்த கையேட்டில் மலத்தின் நிறங்கள் அச்சடித்த அட்டை இருக்கிறது. வெளுத்திருந்தால் ஆபத்தாம். தினமும் ஒப்பிட்டு எழுதுகிறேன்: இளமஞ்சள், சரி.

அத்தை சிரிக்கிறாள். "பீயைப் பாத்துப் பரீட்சைக்குப் படிக்கிறவளை இந்தத் தைனான் ஊர்லயே இப்பதான்டி பாக்கறேன்!"

மார்ச் 4

அந்தப் பல்புக்கடியில் என் வெள்ளைச் சட்டைகூட மஞ்சள்தானே! டயப்பரோடு பால்கனிக்கு ஓடினேன். பகல் வெளிச்சத்தில் மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஐயோ, இத்தனை நாளும் 'சரி' என்று எழுதினது நான்தானே?

"அத்தை, திரையைத் திறங்க. தம்பியைப் பாக்கணும்."

"காத்துப்பட்டா உங்கம்மாவுக்கு ஆயுசுக்கும் மூட்டுவலி. நீயா வந்து கால் அமுக்குவே?"

அம்மாவே எழுந்து திரையை இழுத்தாள். தம்பியின் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப முதலில் செருப்பு மாட்டியது அத்தைதான்.

மார்ச் 6

டாக்டர் சுவே படம் வரைந்து காட்டினார். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாய் தம்பிக்குப் பிறவியிலேயே அடைபட்டிருக்கலாம். பல ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருமாம். விட்டால் ஈரல் கெட்டுவிடும்.

"அறுபது நாளுக்குள்ள ஆபரேஷன் செஞ்சா வாய்ப்பு அதிகம். அட்டையை யார் பாத்தது?"

"நான். ஆனா தப்பா எழுதிட்டேன்."

"தப்பைக் கண்டுபிடிச்சதும் நீதானே?"

படத்தை நோட்டில் மூன்று தடவை வரைந்தேன். பயம்தான். ஆனாலும் எவ்வளவு அழகான ஏற்பாடு ஈரல்!

மார்ச் 9

ஸ்கேனில் பித்தப்பை இருப்பதே தெரியவில்லை. ரத்தச் சோதனையும் அதையே சொல்கிறது.

மார்ச் 14

முப்பத்தெட்டாம் நாள், ஆபரேஷன். முதலில் பித்தக் குழாயில் சாயம் செலுத்திப் பார்த்தார்கள். போகவில்லை, அடைப்பேதான். அடைபட்டதை வெட்டி எடுத்துவிட்டு, குடலையே மேலே கொண்டுபோய் ஈரலில் தைத்துவிட்டார்கள்! ஆறு மணி நேரம்.

"இனி பித்தம் இறங்கணும், அப்பத்தான் மலத்துக்கு நிறம் வரும்" என்றார் டாக்டர். "எல்லாக் குழந்தைக்கும் இறங்காது."

மார்ச் 17

வெளுப்பு.

மார்ச் 19

வெளுப்பு. அத்தை கேலியே செய்வதில்லை. செய்தால் தேவலை.

மார்ச் 21

அத்தையும் நானும் மீன் கஞ்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா அனுப்பிய படம் அத்தையின் போனில் வந்தது. ஒரு டயப்பர், அவ்வளவுதான். கீழே ஒரு வார்த்தைகூட இல்லை.

அத்தை கரண்டியோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "பாருங்க, எங்க பிள்ளையோடது! என்ன பச்சை, பாருங்க!"

"சாப்பிடற நேரத்துல என்னக்கா இது!" என்று அங்கே யாரோ கத்தினார்கள்.

நான் இன்னொரு கிண்ணம் கஞ்சி ஊற்றிக்கொண்டேன்.