இரண்டு பேருக்கான அளவு

ஞாயிறு காலை

என் வீட்டு மேஸ்திரி அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் மகளும் பேரனும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் "ம்" என்கிறாய். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் "குழந்தை அழுவுது" என்று வைத்துவிடுகிறாய். எனக்கு ஒரு அழுகைச் சத்தமும் கேட்கவில்லை. அதனால்தான் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஸ்பானர் பிடித்துப் பழகிய கை.

தப்பு என்னுடையதுதான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என் பிரஷரைப் பார்த்துவிட்டு, மாத்திரை மட்டும் போதாது, சாப்பாட்டையும் கவனியுங்கள் என்றார். மறுநாளே நீ ஆரம்பித்துவிட்டாய். இரண்டு கை கீரை, ஒரு வெள்ளரி, ஒரு பச்சை ஆப்பிள், துளி இஞ்சி, எலுமிச்சை. காலை ஆறரைக்கு டாணென்று இரண்டு கிளாஸ். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, உன் கிளாஸோடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குடிப்பாய். அந்த ஒரு நிமிஷத்தில் என்னுடையதைச் சிங்கில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிடுவேன். நீ திரும்பி, "எப்படி இருக்கு?" என்பாய். "அமிர்தம்" என்பேன். மூன்று மாதம் இப்படியே ஓட்டிவிட்டேன்.

போகிற வீட்டிலெல்லாம், "சிங்கில கண்டதையும் கொட்டாதீங்க, இது குழாயா குப்பைத் தொட்டியா?" என்று பாடம் எடுக்கிறவன் நான். என் வீட்டுக் குழாயை நானே அடைத்திருக்கிறேன். அன்று தண்ணீர் பொங்கிச் சமையலறை முழுக்க ஓடியபோது, வேலையில் இருக்கிறவனைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று என் கூட்டாளி நெட்டையனைக் கூப்பிட்டாய். அந்தப் பாவி சிங்குக்குக் கீழே இருக்கும் குழாய் வளைவைக் கழற்றி, அடைத்திருந்த கீரைச் சக்கையைப் பச்சைக் கயிறு மாதிரி முழ நீளத்துக்கு உருவிப் போட்டுவிட்டு, "என்னக்கா, வீட்டுல மாடு கீடு வளக்குறீங்களா?" என்று கேட்டானாம். அவனுக்கு விஷயம் தெரியாது. உனக்குப் புரிந்துவிட்டது.

நான் வந்ததும் நீ நாலு கத்துக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையைத் துடைத்து முடித்துவிட்டுப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாய். "கீரை போனா போகுது. தினம் தினம் அமிர்தம்னு சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னாய். மகளுக்குத் துணையாகப் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாய். இன்றைக்கு இருபதாவது நாள்.

நேற்றுக் காலை நானே அரைத்துக் குடித்தேன். இனிமேல் தினமும் குடிப்பேன். நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் குழாய்க்காரன்


புதன்கிழமை

மேஸ்திரி அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஒரே வரி. "கீரையை மூன்று தண்ணீரில் கழுவவும்." மேலே அன்பும் இல்லை, கீழே இப்படிக்கும் இல்லை. இருந்தாலும் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு தண்ணீரில் கழுவினேன் என்பதை அங்கே இருந்துகொண்டே எப்படித்தான் கண்டுபிடித்தாயோ! முதல் நாலு நாள் பல்லில் மண் நறநறத்தது.

முதல் நாள் மூடியைச் சரியாக அழுத்தாமல் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். என் சட்டை, சுவர், காலண்டர் எல்லாம் பச்சை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன், கூரையில் மட்டும் ஒரு சொட்டு இருக்கிறது. ஸ்டூலில் ஏறினால் விழுந்து வைப்பேன் என்று நீ திட்டுவாய், அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.

இந்தப் பன்னிரண்டு நாளில் வேலை கைக்குப் படிந்துவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கீரையைக் கழுவி உலர்த்தி டப்பாவில் போட்டுவிடுகிறேன். காலையில் ஆப்பிளையும் வெள்ளரியையும் நறுக்கினால் ஐந்தே நிமிஷம். குடித்த கையோடு மிக்ஸியையும் கழுவிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்படியே காய்ந்து பிடித்துக்கொள்கிறது. சிங்குக்குள் சல்லடை மாட்டியிருக்கிறேன். ஒரு இலைகூடக் கீழே போகாது.

ருசியைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். அமிர்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. புல் வெட்டிய கத்தியைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. இன்னொரு உண்மை: போன வெள்ளிக்கிழமை நான் குடிக்கவில்லை. விடியற்காலையில் ஒரு அடுக்குமாடியில் மெயின் குழாய் வெடித்துவிட்டது என்று ஓடினேன். பசியில் கடையில் டீயும் இரண்டு பன்னும் சாப்பிட்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. அதற்காகவே எழுதுகிறேன்.

ஒரு ஆளுக்கு மட்டும் போட்டால் மிக்ஸியில் பிளேடுதான் சுற்றுகிறது, கீரை மேலேயே உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறது. இரண்டு பேருக்கான அளவு போட்டால்தான் அரைபடுகிறது. அதனால் தினமும் ஒரு கிளாஸ் மிஞ்சுகிறது. அதை நெட்டையன் தலையில் கட்டிவிட்டேன். மாடு வளர்க்கிறீர்களா என்று கேட்ட வாய்க்கு அதுதான் தண்டனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறான். "அண்ணே, அக்கா சீக்கிரம் வந்துடுவாங்கல்ல?" என்று தினமும் கேட்கிறான். என்ன சொல்ல?

நீ வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முதலாளியும் வழியில் பார்த்து, நீ எப்போது வருவாய் என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பேரனுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? காய்ச்சல் வந்ததா? அதையாவது இரண்டு வரி எழுது.

இப்படிக்கு,
உன் குழாய்க்காரன்


சனிக்கிழமை காலை

என் அன்பானவளுக்கு,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்தேன். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையை விடாதீர்கள், நடையையும் சாப்பாட்டையும் இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சந்தோஷமாக வெளியே வந்து உட்கார்ந்து, வழக்கம்போல உன்னிடம் சொல்லத் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

போன தடவை அங்கே நாம் இரண்டு பேரும் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பிரஷர் கொஞ்சமும் குறையவில்லை என்றதும் உன் முகம் சுண்டிப்போனது. "நான் போடுற அளவு ஏதும் தப்பா டாக்டர்?" என்று கேட்டாய். பஸ்ஸில் வரும்போது, "என் கைராசிதான் சரியில்ல போல" என்றாய். மறுநாளிலிருந்து அரை மணி முன்னதாக எழுந்து, இன்னும் ஒரு கை கீரை சேர்த்தாய். நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வெளியே பராக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன். குழாயில் கொட்டியதைவிட அதுதான் பெரிய பாவம். அதற்கு என்னை மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன கடிதம் போட்டதற்குப் பிறகு நெட்டையன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டான், ஒரு வாரம் ஆகிறது. இரண்டு கிளாஸையும் நானே குடிக்கிறேன். நேற்றுக் காலை, நீ தினமும் அப்படி என்னதான் பார்த்தாய் என்று, உன் இடத்தில் போய் நின்று குடித்தேன். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. எதிர்க் கட்டடத்துச் சுவரும் ஒரு கழிவுநீர்க் குழாயும்தான். முதல் வாயிலேயே என் முகம் அஷ்டகோணலாகப் போனது. அப்போதுதான் உறைத்தது.

நம் கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் தட்டில் விழுந்த கீரையை என் தட்டுக்குத் தள்ளிவிடுகிறவள் நீ. அந்த வாசனையே உனக்கு ஆகாது. உனக்குப் பிரஷரும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் தனியாகக் குடிக்கக் கூடாது என்பதற்காகத்தானே நீயும் ஒரு கிளாஸை எடுத்தாய்? உன் முகம் கோணுவதைப் பார்த்தால் நான் குடிக்க மாட்டேன் என்றுதானே திரும்பி நின்றாய்? அந்த முதுகுக்குப் பின்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்! எனக்குத் துணையாக என்று ஆரம்பித்த நீ, மூன்று மாதமும் ஒற்றை ஆளாகக் குடித்திருக்கிறாய். நேற்று அந்த ஜன்னலோரம் ரொம்ப நேரம் நின்றேன். கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

மகளுக்கு நீ அங்கே தேவை என்றால் இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. கோபம் தீரவில்லை என்றாலும் இரு, அது உன் உரிமை. ஆனால் வருவதாக இருந்தால் ஒரு வரி போடு, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பச்சைத் தண்ணீரை நீ ஒரு சொட்டுகூடத் தொட வேண்டாம். உன் பங்கையும் நானே குடித்துக்கொள்கிறேன். காலை ஆறரைக்கு எழுந்து வந்து, ஜன்னலைப் பார்க்காமல் என்னைப் பார்த்து நின்றால் போதும். எப்படி இருக்கு என்று கேள். உண்மையைச் சொல்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பேரன் கன்னத்தில் என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு.

வழி பார்த்திருக்கும்,
உன் குழாய்க்காரன்