உன் தலைப்பில் ஜெஸ்டன் இல்லை

ஆம்பூர்

அன்புள்ள மகள் அக்சாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் அங்கிருந்து ஊருக்கு வந்திருக்கிற நிசார் அஹமது பாய் மகளிடம் மசாலாப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். அப்பா சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, கேட்டால் இன்னா ஆவப் போவுது என்கிறார்.

உன் ஆராய்ச்சிக் கட்டுரைத் தலைப்பு முடிவாகிவிட்டது என்று அனுப்பியிருந்தாயே, படித்தேன். முதலில் நம் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரி எல்லாவற்றையும் பற்றி என்றாய், புரொபசர் அதற்கு ஒரு ஆயுசு பத்தாது, குறுக்கிக்கொண்டு வா என்றார். பிறகு டேனரி விபத்துகள் என்றாய், அதற்கப்புறம் கழிவுத் தொட்டியில் இறங்கிச் செத்தவர்கள் மட்டும் என்றாய். அன்றைக்கு, என் மகள் தம்பிக்காகத்தான் இதை எடுத்திருக்கிறாள் என்று மனசுக்குள் உன்னை மெச்சிக்கொண்டேன். இப்போது ராணிப்பேட்டை மட்டும் என்று முடித்துவிட்டாய். போன வருஷம் தொட்டிக்குள் மயங்கிக் கிடந்தவரைத் தூக்க இறங்கிய நம் ஜெஸ்டன் செத்தது ஆம்பூரில். நீ குறுக்கக் குறுக்க அவன் வெளியே போய்விட்டான். சொந்த வீட்டுச் சாவை எழுதினால் கட்டுரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று புரொபசர் சொன்னாராம், நியாயம்தான், நானும் டீச்சர்தான், எனக்குப் புரிகிறது. பெற்ற வயிறுதான் கேட்கமாட்டேன் என்கிறது பாப்பா.

போன வாரம் அவன் கல்லறைக்குக் கல் வைத்தோம். என்னென்ன எழுத வேண்டும் என்று அப்பா ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு போனார், கல் செதுக்குகிற முனிரத்தினம், இவ்ளோ கொள்ளாது சார், கம்மி பண்ணுங்க என்றார். படிப்பை எடுத்தோம், எங்கள் பெயரை எடுத்தோம், நான் ஆசைப்பட்ட சங்கீத வசனத்தையும் எடுத்தோம், அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் பெயரை மட்டும் எடுக்கவில்லை.

தலைப்பை மாற்று என்று சொல்லமாட்டேன். ராணிப்பேட்டையில் செத்தவர்களுக்கும் அம்மா இருப்பாள், அவர்களைப் பற்றி நன்றாக எழுது. கட்டுரைக்கு முன்னால் இன்னாருக்குச் சமர்ப்பணம் என்று ஒரு வரி போடுவார்களே, அங்கே உன் தம்பி பெயரைப் போடு, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். தெருவில் என்னை இன்னும் அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. படுக்கும் முன் ஜெபம் பண்ண மறக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஜெஸ்டன் அம்மா