காரணம் என்ற கட்டம்

14.7.1988

இன்று நர்ஸ் டியூட்டியில் ஆஸ்பத்திரியின் இறப்புப் பதிவேட்டில் தளவாய்புரத்துப் பெண் ஒருத்தியின் பெயரை எழுதினேன். இருபத்திரண்டு வயது. பூச்சி மருந்து குடித்திருந்தாள். முதுகில் பெல்ட் தழும்புகளை நானே பார்த்தேன்.

மருந்து குடித்ததற்குக் காரணம் கேட்டதும் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தீராத வயித்து வலின்னு போடுங்கம்மா. போலீஸ்லயும் அப்படித்தான் சொல்லிருக்கோம்."

"புருஷன் அடிச்சத சொல்லலியா?"

"மருமகன எப்படிம்மா காட்டிக் குடுக்க? கைப்பிள்ள இருக்கே. சின்னவள அவியளுக்கே கட்டி வைக்கப் போறோம்."

சின்னவள் அக்காவின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். அதே தாளில் மேலே இருந்த, மருந்து குடித்த நான்கு பெண்களுக்கும் காரணம் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் வயிற்று வலிதான். ஐந்தாவதாக இவளுக்கும் எழுதினேன். சின்னவள் எட்டிப் பார்த்து அதை வாசித்தாள். பிறகு பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.