ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாவது மீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

கை தானாகவே உயர்ந்துவிட்டது. இப்போது அந்தக் கையைப் பார்த்தாலே கோபமாக வருகிறது.

காலை பத்தரைக்குப் பிரிவுத் தலைவர் எங்கள் அறைக்கு வந்தார். இந்த மாதம் பந்தயப் பாதையில் டயர் சோதனை நடக்கும் நாளில், மதிய இடைவேளையில், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவருக்கு இரண்டு சுற்று கிடைக்குமாம். கம்பெனியின் அன்பளிப்பு. "நம்ம பிரிவுல யாருக்கு ஆசை?" என்றார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மேலே இருந்தது.

"அட, வாயே திறக்காத பொண்ணு கை தூக்குது!" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். காது சுட்டது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். இதுவரை நான் கேட்டு வாங்கியது ஜன்னலுக்கு ஒரு திரை. அதையும் சீட்டில் எழுதித்தான் கேட்டேன்.

மார்ச் 4, புதன்

நிதானமாக யோசித்துப் பார்க்கிறேன். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம். அதன் பிறகு வண்டி ஓட்டியது பதினோரு முறை. பதினொன்றும் அப்பாவின் தண்ணீர் கேன் வேன். ஐம்பதைத் தாண்டியதில்லை.

ஆனால் அந்தப் பாதை! பன்னிரண்டு வயதில் டிவி கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது. உள்ளே ஒரே பந்தயம் இருபது திரைகளில் ஓடியது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். உலகமே பார்க்கும் பாதை என்று அப்போது தெரியாது. அங்கே ஒருநாள் நான் ஓட்டுவேன் என்று மட்டும் முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டில் வருடக்கணக்கில் சிரித்திருப்பார்கள்.

இப்போது அதே பாதை தினமும் என் மேசைக்கு வருகிறது, கோடாக. என் வேலை கோடு படிப்பது. புது டயரை மாட்டி நான்கு ஓட்டுநர்கள் அங்கே ஓட்டுவார்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு தாளாக வரும். அடியில் மீட்டர் எண். மேலே வேகம், ஆக்சிலரேட்டர், பிரேக். யார் எங்கே காலை எடுத்தார், எங்கே அழுத்தினார் எல்லாம் தெரியும். முகம் தெரியாத நான்கு பேரின் கால்கள் எனக்குப் பழக்கம். முதலாமவருக்கு அவசரம். இரண்டாமவர் சுத்தம். நான்காமவர் யார் மீதோ கோபத்தில் பிரேக் மிதிப்பார்.

மூன்றாமவர்தான் விசித்திரம். எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு 1840-வது மீட்டரில் மட்டும் காலை எடுப்பார். நேர்ப் பாதை. மற்ற மூவரும் முழுதாக அழுத்திக்கொண்டு போகிற இடம். அவர் கோட்டில் மட்டும் பல் விழுந்தது போல ஒரு பள்ளம். போன வருடம் குறிப்புப் பகுதியில் எழுதினேன்: 'காரணமற்ற தயக்கம்.' பிரிவுத் தலைவர் கூப்பிட்டுப் பாராட்டினார். இரண்டு நாள் மிதந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு அறிக்கையிலும் தவறாமல் எழுதுகிறேன்.

பாதை எனக்கு மனப்பாடம். 310-ல் பிரேக். 365-ல் திருப்பம். 900 வரை முழு வேகம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பிறகு ஏன் மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்கிறேன்?

மார்ச் 8, ஞாயிறு

கிடங்குத் தெருவில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை அங்கே நாய்கூட இருக்காது. பின்னால் காலி கேன்கள். நான் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் எல்லாம் உருண்டு வந்து என் சீட்டில் மோதின.

"கேன் சத்தம் போடாம ஓட்டும்மா. அதுக்குப் பேருதான் ஓட்டறது," என்றார் அப்பா.

மூன்று முறை வண்டி நின்றுபோனது. நான்காவது முறை அப்பா வெளியே பார்த்துக்கொண்டு விசில் அடித்தார். அது அவர் கோபத்தை விழுங்கும் விதம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "பதினாறு வருஷம் படிக்க வெச்சது ஸ்டீயரிங் பிடிக்கவா? நம்ம வம்சத்துலயே மொத டிகிரி. ஏசி ரூம்ல உக்காருவான்னு பாத்தா—"

"ஏன், என் பொழப்பு அவ்ளோ கேவலமாப் போச்சா?"

"கேவலம்னு யாரு சொன்னா? ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்னேன்."

அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேதி சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது, வியாழன்.

மார்ச் 12, வியாழன்

எழுத்து எப்படி வருகிறதோ வரட்டும்.

பிரிவுத் தலைவர் பாதைக்குப் போகும் விவரம் சொன்னார். ஹெல்மெட் அங்கேயே கொடுப்பார்கள். நூறுக்கு மேல் போகக் கூடாது. பக்கத்து சீட்டில் ஒரு சோதனை ஓட்டுநர் இருப்பார். "மூணாம் நம்பர்தான் வருவார். அவருக்கு மாசக் கடைசி வரைக்கும் இந்த மாதிரி வேலைதான்."

ஏன் என்று கேட்டேன். (கேட்டேன்! எனக்கே ஆச்சரியம்.)

"கண் டெஸ்டுக்கு அனுப்பறோம். எப்படி வந்தாலும் இந்த மாசத்தோட ஓட்டறது நிறுத்தம். டயர் கிடங்குல போடறாங்க. வயசாகுது, பயம் வந்துடுச்சு. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? உங்க குறிப்பு வெச்சுத்தான் மேலிடம் முடிவு பண்ணுச்சு." தோளைத் தட்டாத குறையாகச் சொன்னார்.

நான் என்ன பண்ணேன்? ரெண்டு வார்த்தை எழுதினேன். அவ்ளோதானே? யாரையும் வேலையை விட்டு எடுன்னு நான் சொல்லலையே.

பழைய அறிக்கைகளை எண்ணினேன். முப்பத்தேழு முறை எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை அந்த ஆள் பக்கத்தில் நான் உட்கார வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 18, புதன்

நாளை. அம்மா என் ஷூவைத் துடைத்து வாசலருகே வைத்திருக்கிறாள். பத்து நாளாகத் திட்டியவள் இன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த வண்டியில பிரேக் நல்லா இருக்கும்ல?"

போகாமல் இருந்துவிட இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் போகாவிட்டாலும் 1840 அங்கேயேதான் இருக்கும். அந்த ஆளும் கிடங்குக்குப் போவார். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடித்துவிட்டேன் என்றாகும். அது இன்னும் மோசம் இல்லையா?

மார்ச் 19, வியாழன்

பேருந்தில் திரும்பும்போதே எழுதுகிறேன். ஒன்றையும் விடக் கூடாது.

வாயிலில் கைபேசிகளை வாங்கி வைக்கும் காவலாளி என் கையைப் பார்த்தார். "என்னம்மா, போன் ஆடுதா, நீ ஆடறியா?" என்றார். ஒரு டோக்கன் கொடுத்தார். பதினான்கு. அதைச் சட்டைப் பையில் போட்டு நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

பாதையைப் பார்த்ததும் ஒரு கணம் எல்லாம் மறந்தது. அந்த வெள்ளைச் சிவப்பு ஓரக் கற்கள்! கடைக் கண்ணாடியில் பார்த்த அதே கற்கள். கிட்டப் போனால் டயர் கறுப்பு ஏறி அழுக்காக இருந்தன. அழுக்காக இருந்ததே பிடித்தது.

மூன்றாம் நம்பர் ஒல்லியான மனிதர். ஐம்பது இருக்கும். மூக்குக் கண்ணாடி இல்லை. என் அடையாள அட்டையில் பிரிவின் பெயரைப் படித்தார். பிறகு என் முகத்தைப் படித்தார்.

"ஓ, கோடு படிக்கிற மேடமா? நம்ம ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது?"

தரை பிளந்தால் இறங்கியிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரி, வாங்க. மொத சுத்து நான் ஓட்டிக் காட்டறேன். ரெண்டாவது நீங்க."

அப்போதுதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, அவர் காலைப் பார்த்துக்கொண்டு, 1840 வரும்வரை காத்திருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. "வேணாம் சார். பாதை எனக்கு மனப்பாடம்," என்றேன்.

"மனப்பாடமா?" அவர் ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார். "சரி. மெதுவாப் போங்க. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

கிளம்பும்போதே வண்டி நின்றுபோனது. "பரவால்ல. முன்னூத்திப் பத்துக்கு இன்னும் தூரம் இருக்கு," என்றார்.

சாலையில் எண்கள் இல்லை. இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? தாளில் அடியில் 310 என்று இருக்கும். இங்கே தார் இருக்கிறது, புல் இருக்கிறது, எண் இல்லை. முதல் திருப்பம் எதிர்பாராமல் வந்தது. இரண்டாவது தாளில் சின்ன வளைவு. இங்கே முடியவே இல்லை. அறுபது, எழுபது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு நேர்ப் பாதை. இது தெரியும். இங்கே எல்லோரும் அழுத்துவார்கள். நானும் அழுத்தினேன். எண்பது. தொண்ணூறு. சாலை மேலே ஏறியது. எந்தத் தாளிலும் ஏறாத சாலை. திரைகளிலும் தட்டையாகத்தான் இருந்தது. ஏறிக்கொண்டே போய், முன்னால், சாலை இல்லை. வானம் மட்டும் இருந்தது.

கால் தானாக எழுந்துவிட்டது. பிரேக்கையும் மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி, இருபதில் ஊர்ந்து உச்சிக்கு வந்தது. அந்தப் பக்கம் சாலை ஒழுங்காகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் காலை எடுத்தீங்க?" என்றார். கேலி இல்லை. உண்மையாகக் கேட்டார்.

"அந்தப் பக்கம் தெரியலை சார்."

"ம்."

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார். ஏழு வருடத்துக்கு முன் ஒரு சோதனை நாள். பாதை காலி என்று பச்சைக்கொடி காட்டிவிட்டார்கள். முழு வேகத்தில் இந்த மேட்டைத் தாண்டினால், நடுப் பாதையில் ஒருவர் மணல் கூட்டிக்கொண்டிருந்தார். "துடைப்பத்தைத்தான் இடிச்சேன். ஆள் கையில கட்டை மட்டும் நிக்குது. ரெண்டு பேரும் பேசாம ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம்." சிரித்தார். "நீங்க பாத்திருப்பீங்க. கேட்டுல போன் வாங்கி வைக்கிறாரே, அவருதான்."

பதினான்காம் டோக்கன் பையில் கனத்தது.

"நீங்க ஏன் யாருகிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே மேடம். காரணமற்றனு எழுதியாச்சு. அதுக்கப்புறம் காரணத்தை யாரு கேப்பா?"

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் முன்னால் கை காட்டினார். "ரெண்டாவது சுத்து வருது. ரோட்டைப் பாருங்க. மனப்பாடத்தை விடுங்க."

இரண்டாவது சுற்றை ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். தொண்ணூற்றைந்து வரை போனேன். ஒரு நீண்ட திருப்பத்தில் வண்டி தானாக வெளியே போய், தானாக உள்ளே வந்து, ஓரக் கல்லை உரசியும் உரசாமலும் போனபோது என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பன்னிரண்டு வயதில் கடை வாசலில் வந்திருக்க வேண்டிய சத்தம்.

மேட்டில் மறுபடியும் காலை எடுத்தேன். பக்கத்து சீட்டில் அவர் வலது காலும் தரையிலிருந்து எழும்பியது. அங்கே மிதி எதுவும் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

என் தாள்கள் வந்தன. இரண்டிலும் கோடுகள், கோழி நடந்தது போல. முதல் சுற்றில் 1840-ல் பள்ளம் இல்லை, கிணறு.

அப்பாவிடம் காட்டினேன். தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கேன் எல்லாம் உருண்டிருக்குமே!" என்றார்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றும் இன்றும் அலுவலகம் போனேன். விடுமுறை. அலுவலகக் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. மூன்றாம் நம்பரின் பழைய தாள்களை எல்லாம் எடுத்து அடுக்கினேன். நான் சேர்வதற்கு முந்தியவையும். ஏழு வருடத்துக்கு முன்புவரை பள்ளமே இல்லை. அதன் பிறகு எல்லாத் தாளிலும் இருக்கிறது. மழை நாள், வெயில் நாள், பழைய டயர், புது டயர். ஒவ்வொரு முறையும் அதே இடம். இரண்டு மீட்டர்கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை.

தயங்குகிறவர் இப்படி எடுக்க முடியுமா? நான் தயங்கினேன். என் கிணறு 1790-லேயே ஆரம்பிக்கிறது.

இதை நாளைக்குச் சொல்லணும். எழுதிக் குடுத்தா ஃபைல்ல போட்டு மூடிடுவாங்க. வாயால சொல்லணும். நான் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 23, திங்கள்

சொன்னேன்.

பிரிவுத் தலைவரின் கதவுக்கு வெளியே இரண்டு முறை நின்று திரும்பி வந்தேன். மூன்றாவது முறை அவரே பார்த்து, "என்னம்மா, திரை கிழிஞ்சிடுச்சா?" என்றார். உள்ளே போய் மேசைமேல் தாள்களைப் பரப்பினேன். என் தாளையும் வைத்தேன். மேட்டைச் சொன்னேன். துடைப்பத்தைச் சொன்னேன். இரண்டு மீட்டரைச் சொன்னேன். நடுவில் ஒரு முறை நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

"ஒரே ஒரு தடவை ஓட்டிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்தறீங்களா?"

"ஆமா சார். ரெண்டு சுத்து." வாயிலிருந்து வந்துவிட்டது. "குறிப்பு தப்பு சார். எழுதினது நான். முப்பத்தேழும் தப்பு."

அவர் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். "முப்பத்தேழு அறிக்கையும் திருத்தணும்னா என் கையெழுத்தையும் திருத்தணும்," என்றார். அவ்வளவுதான். போகச் சொன்னார்.

மார்ச் 30, திங்கள்

பதில் இல்லை. மாதம் நாளையோடு முடிகிறது. நான் கேட்கவில்லை. நாளை கேட்கலாமா? கேட்க வேண்டும்.

மார்ச் 31, செவ்வாய்

கேட்டேன். "மேலிடத்துல இருக்கு" என்றார்.

ஏப்ரல் 10, வெள்ளி

இந்த மாதத்துத் தாள்கள் வந்தன. உறையைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் வேறு வேலை செய்தேன். மேசையைத் துடைத்தேன். திரையை இழுத்து, மறுபடி திறந்தேன்.

முதலாமவர், அதே அவசரம். இரண்டாமவர், சுத்தம். அடுத்த தாளைத் திருப்பினேன்.

1840-ல் அதே பள்ளம் இருந்தது. அவர் கிடங்குக்குப் போகவில்லை.

குறிப்புப் பகுதியில் எழுதினேன்: 'மேடு. அந்தப் பக்கம் தெரியாது.' பிறகு நான்காமவரின் தாளை எடுத்தேன். இன்றும் யார் மீதோ கோபமாக இருக்கிறார். ஏன் என்று கேட்க வேண்டும்.